"பாத்ரூம் போகட்டுமா?" என்று கேட்கும் அக்கா

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். என் அக்காவுக்கு 41 வயது. மாமா தவறிய பிறகு இரண்டு பிள்ளைகளையும் எங்களிடம் விட்டுவிட்டு சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். முதல் இரண்டு வருஷம் பணம் ஒழுங்காக வந்தது. அப்புறம் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள். கஃபீல், அதாவது அவளை வேலைக்கு எடுத்த முதலாளி, ஓடிவிட்டாள் என்று ஹுரூப் புகார் கொடுத்துவிட்டார். போலீஸ் பிடித்து தர்ஹீலில், அதாவது நாடு கடத்தும் வரை அடைத்து வைக்கும் மையத்தில் வைத்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தூதரகம் தரும் அவுட்பாஸில் ஊர் வந்து சேர்ந்தாள். வந்து இரண்டு மாதம் ஆகிறது.

வந்ததிலிருந்து அக்கா பழைய அக்காவாக இல்லை. யார் வீட்டுக்குள் வந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறாள். சாவிக்கொத்து சத்தம் கேட்டால் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். ராத்திரி லைட்டை அணைக்க விடுவதில்லை. தலையணைக்கு அடியில் பிஸ்கட்டும் நாப்கின் பாக்கெட்டும் ஒளித்து வைக்கிறாள். ஆனால் மாதவிலக்கு நின்று ஐந்து மாதம் ஆகிறதாம். தண்ணீரே குடிப்பதில்லை. ராத்திரியெல்லாம் உடம்பைச் சொறிகிறாள், இப்போது அவள் பையனுக்கும் அரிக்கிறது. என்னைவிட ஏழு வயது பெரியவள், என்னிடம் வந்து "பாத்ரூம் போகட்டுமா?" என்று கேட்கிறாள். கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் போய் நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அம்மா வீட்டைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். அங்கே கூட இருந்த இலங்கைப் பெண் ஒருத்தி அடிக்கடி கூப்பிட்டு இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று போனையும் வாங்கி வைத்துவிட்டோம். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அங்கே என்னதான் நடந்தது என்று அம்மா தினமும் கேட்கிறார், அவள் சுவரைப் பார்க்கிறாள். தெருவில் "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தது" என்கிறார்கள். அவள் பெண்ணுக்கு வந்த வரனும் தள்ளிப்போகிறது. கீழ்ப்பாக்கம் கூட்டிப் போங்கள் என்கிறார்கள் சிலர், தர்காவில் மந்திரிக்கச் சொல்கிறார்கள் சிலர். அக்காவுக்குப் பைத்தியமா டாக்டர்? அவள் என்னதான் தப்பு செய்தாள்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில். அக்கா எந்தத் தப்பும் செய்யவில்லை. பைத்தியமும் இல்லை. நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண் உள்ளே பிழைத்திருப்பதற்காகக் கற்றுக்கொண்ட பழக்கம். அந்த இடத்தில் அது புத்திசாலித்தனம். இங்கே வந்தும் அது நிற்கவில்லை, அதுதான் சிக்கல்.

தெருவில் பேசுகிறவர்களுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சவுதியில் வீட்டு வேலைக்குப் போகிறவரின் இகாமா, அதாவது அங்கே தங்கும் அனுமதி, கஃபீலோடு கட்டிப்போட்ட ஒன்று. அவர் வீட்டை விட்டு வெளியே வந்தால், "ஓடிவிட்டாள்" என்று கஃபீல் பதிவு செய்தால் போதும், அந்த நாட்டில் இருப்பதே குற்றமாகிவிடுகிறது. எட்டு மாதச் சம்பளம் கொடுக்காதது யார் என்று அந்தப் பதிவு கேட்பதில்லை. 2021 மார்ச்சில் சவுதி அரசு வேலை மாறுவதையும் ஊர் திரும்புவதையும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கொஞ்சம் தளர்த்தியது. அதிலும் வீட்டு வேலை செய்கிறவர்களைச் சேர்க்கவில்லை. ஆக, உங்கள் அக்கா திருடி உள்ளே போகவில்லை, கூலி கேட்க வழியில்லாமல் உள்ளே போனார். அவருக்கு எந்த நீதிபதியும் தண்டனை கொடுக்கவில்லை. நாடு கடத்தும் காகிதம் தயாராகும் வரை காத்திருக்க வைக்கும் இடம் அது.

அந்தக் காத்திருப்பு ஜெயிலைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன். நம்ம புழலில் தண்டனைக் கைதிக்கு நாள் எண்ண ஒரு தேதி இருக்கிறது. தர்ஹீலில் இருப்பவருக்கு அது கிடையாது. நாளைக்கும் கூப்பிடலாம், ஆறு மாதம் கழித்தும் கூப்பிடலாம். சாவிச் சத்தம் கேட்டால் பையை மடியில் எடுத்து வைப்பது அதனால்தான். பெயர் வாசிக்கும்போது தயாராக இல்லாவிட்டால் அன்றைய விமானம் போய்விடும் என்ற பயத்தில் இருந்தவர் அவர். குடியேற்றக் காரணத்துக்காக அடைக்கப்பட்டவர்களின் மனநிலை பற்றிய 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஓர் அலசல் 2018-ல் வெளியானது. மனச்சோர்வு, பதற்றம், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பாதிப்பு மூன்றும் உள்ளே இருக்கும்போதும், வெளியே வந்த பிறகும் நீடிக்கின்றன என்று அதில் தெரிந்தது. உள்ளே இருந்த காலம் நீள நீளப் பாதிப்பும் கூடுகிறது. நான்கு மாதம் என்பது கொஞ்ச நாள் இல்லை, தங்கை.

பெண்களுக்கு இது வேறு விதமாக வலிக்கும். வளைகுடாவிலிருந்து திரும்பி என்னிடம் வந்த பெண்கள் அடியைப் பற்றிப் பேசியதைவிட அதிகமாகப் பேசியது கழிப்பறையைப் பற்றி. கதவில்லாத கழிப்பறை, ஒருத்தி உட்கார இன்னொருத்தி துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பது. மொழி தெரியாத காவலரிடம், சில சமயம் ஆணிடம், நாப்கின் வேண்டும் என்று சைகையில் கேட்பது. கொடுத்தது தீர்ந்துபோனால் அபாயா அங்கியின் ஓரத்தைக் கிழித்து வைத்துக்கொள்வது, அதைத் துவைத்து யார் கண்ணிலும் படாமல் ஈரத்தோடு மறுபடி கட்டுவது. இருபத்து நாலு மணி நேரமும் எரியும் குழல் விளக்கு. தலை எண்ணுவதற்காக எந்நேரமும் எழுந்து நிற்பது. ஒரு பெண்மணி என் அறைக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, அதைப் பார்த்தபடியே இருந்தார். "குடிங்கம்மா" என்று நான் சொன்ன பிறகுதான் எடுத்தார். குடித்துவிட்டு மூடியை இறுக்கித் திருகி, லேபிள் முன்பு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் தெரியும்படி வைத்தார். வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்.

இதெல்லாம் கூடாது என்று உலகம் பேசாமல் இல்லை. சிறையில் இருக்கும் பெண்களுக்காக ஐ.நா. பொதுச்சபை 2010-ல் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள் இருக்கின்றன. நாப்கின் இலவசமாகத் தர வேண்டும், தண்ணீர் தடையில்லாமல் கிடைக்க வேண்டும், பெண்ணைச் சோதனை போடுவது பெண் ஊழியராகத்தான் இருக்க வேண்டும், உள்ளே வந்ததும் முழு உடல்நலப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. ஆனால் மீறினால் தட்டிக்கேட்க அதற்கு அதிகாரம் இல்லை. ரியாத் நாடுகடத்தல் மையத்தில் படுக்கக்கூட இடமில்லாமல் ஆட்களை நெருக்கி அடைத்திருப்பதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2020 டிசம்பரில் வெளியே கொண்டுவந்தது. அரபு நாடுகள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் பெண்களை அடைத்து வைத்த யார்ல்ஸ் வுட் மையத்தை அந்த நாட்டின் சிறை ஆய்வுத் தலைவரே 2015-ல் தேசத்துக்கே கவலை தரும் இடம் என்று எழுதினார். கர்ப்பிணிகளைப் பொதுவாக 72 மணி நேரத்துக்கு மேல் அடைக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்ததே அதற்கு அடுத்த வருஷம்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில மையம் ஒன்றில் இருந்த பெண்களுக்குத் தேவையே இல்லாமல் கர்ப்பப்பை சம்பந்தமான சிகிச்சைகள் செய்திருக்கிறார்கள் என்று 2022-ல் அந்த நாட்டு செனட் குழுவே கண்டுபிடித்தது. நம் ஊரும் சுத்தம் இல்லை. அசாமில் வெளிநாட்டவர் என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களைக் கொக்ராஜார் ஜெயிலில் வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

அம்மா வீட்டைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகுகிறார். நீங்கள் போனை வாங்கி வைத்திருக்கிறீர்கள். எப்போது தூங்க வேண்டும் என்பதை ஒரு மாத்திரை முடிவு செய்கிறது. என்ன நடந்தது, சொல் சொல் என்று தினமும் ஒரு விசாரணை. எல்லாமே பாசத்தால் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அக்காவின் இடத்திலிருந்து பாருங்கள். சாவி வேறொருவர் இடுப்பில், போன் வேறொருவர் கையில், கேள்வி கேட்க ஒருவர், தெருவுக்குப் போனால் பின்னாலேயே ஒருவர். உங்களிடம் வந்து அவர் பாத்ரூம் போகட்டுமா என்று கேட்பதில் என்ன ஆச்சரியம்? அந்த வீட்டில் யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்று அவர் சரியாகத்தான் கணித்திருக்கிறார்.

உள்ளே அவரிடமிருந்து பிடுங்கியது சுதந்திரம் என்ற பெரிய சமாச்சாரத்தை மட்டும் இல்லை. எப்போது குளிப்பது, எப்போது ஒதுங்குவது, எந்த வெளிச்சத்தில் தூங்குவது, துணியை எங்கே காயப்போடுவது, யாரோடு பேசுவது என்ற சின்னச் சின்ன முடிவுகளையும் பிடுங்கிவிட்டார்கள். மானம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது. மருந்து நான் எழுதித் தரலாம், வேறு டாக்டர் எழுதித் தரலாம். இந்த முடிவுகளை அவரிடம் திருப்பித் தருவது வீட்டில் இருப்பவர்களால் மட்டும்தான் முடியும்.

அதனால் இன்றைக்கே வீட்டுச் சாவியில் ஒன்று அவர் கையில் இருக்கட்டும். ராத்திரி உள்தாழ்ப்பாள் போதும், அவருக்கு எட்டும் உயரத்தில். தெருவில் நிற்க ஆசைப்பட்டால் நிற்கட்டும். மாதக்கணக்கில் வானமே பார்க்காமல் இருந்தவருக்கு ராத்திரிக் காற்று வேண்டியிருக்கிறது. காசிமேட்டில் இரண்டு மணி என்பது ஆளில்லாத நேரமா என்ன, மீன் ஏலத்துக்குக் கூடையோடு கிளம்புகிற பெண்கள் இருப்பார்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் எழுந்து போய்ப் பக்கத்தில் நில்லுங்கள், "உள்ள வா" என்று இழுக்காமல் சும்மா நில்லுங்கள். லைட் எரிய வேண்டும் என்கிறாரா, எரியட்டும். கரண்ட் பில் பற்றி யாரும் முணுமுணுக்க வேண்டாம். கொஞ்ச நாளில் அவரே சின்ன பல்புக்கு மாறுவார். பிஸ்கட்டையும் நாப்கினையும் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள். ஒரு டப்பாவோ டிரங்குப் பெட்டியோ அவருக்கென்று கொடுங்கள், பூட்டும் கொடுங்கள், அதை நீங்கள் திறக்காதீர்கள்.

"பாத்ரூம் போகட்டுமா?" என்று கேட்டால் "போ" என்று சொல்லாதீர்கள், அதுவும் அனுமதிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஏன் இப்படிக் கேக்கற?" என்று அழவும் வேண்டாம். "அக்கா, வர்ற வழியில அடுப்பைக் குறைச்சுட்டு வா" என்கிற மாதிரி வழக்கமான பேச்சாக மாற்றிவிடுங்கள். வேலை கொடுங்கள். குழம்புக்குப் புளி எவ்வளவு, பையனுக்கு என்ன சட்டை, ரேஷன் கடைக்கு யார் போவது என்று அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டரை வருஷத்துக்கு மேல் அடுத்தவர் வீட்டில் ஏவலுக்கு ஆடியவர், அப்புறம் நான்கு மாதம் ஏவல்கூட இல்லாமல் கிடந்தவர். முதலில் "உன் இஷ்டம்" என்றுதான் சொல்வார். விட்டுவிடாமல் தினமும் கேளுங்கள்.

இனி உடம்பு. நான் மனநல மருத்துவர்தான், ஆனாலும் முதலில் உடம்பைப் பார்க்கச் சொல்கிறேன். இப்படித் திரும்பியவர்களை நேராக மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு உடம்பைக் கோட்டைவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அரிப்பு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நெருக்கமாகப் படுத்திருந்தவருக்கு ராத்திரி அரிப்பு, கூடவே பையனுக்கும் பரவியிருக்கிறது என்றால் சிரங்காக இருக்க வாய்ப்பு அதிகம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, மார்புக்கு அடியில் பாருங்கள். பெர்மெத்ரின் களிம்பை டாக்டர் எழுதித் தருவார். கழுத்திலிருந்து பாதம் வரை தடவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். முக்கியமானது, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே ராத்திரி தடவ வேண்டும். அக்காவுக்கு மட்டும் தடவிவிட்டு அவர் துணியைத் தனியே ஒதுக்கினால் நோயும் போகாது, அவர் மனசும் நோகும். எல்லோர் துணி, போர்வையையும் சுடுதண்ணீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள்.

தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். கழிப்பறைக்குக் கேட்டு நிற்க வேண்டாம் என்று குடிப்பதையே குறைத்துக்கொண்டவர். அடக்கி அடக்கி சிறுநீரில் கிருமித் தொற்று வந்திருக்கலாம், கல்லும் இருக்கலாம். எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். ஊரிலேயே இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது என்று தமிழகத்துக்கான தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது, அவர் எந்த நிலையில் இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கட்டாயம். காசநோய் சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். பி.பி., சர்க்கரை, தைராய்டுக்கு முன்பு மாத்திரை சாப்பிட்டவர் என்றால், உள்ளே அது நின்றுபோயிருக்கும். பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள், பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மாதவிலக்கு நின்றதற்கு மன அழுத்தமும் சரியான சாப்பாடு இல்லாததும் போதுமான காரணங்கள். உடம்பு தாங்க முடியாத நெருக்கடியில் இருக்கிறது என்று மூளை முடிவு செய்தால் முதலில் நிறுத்தி வைப்பது இதைத்தான். எடை ஏறி, தூக்கம் திரும்பினால் பெரும்பாலும் தானாக வந்துவிடும். 41 வயது என்பதால் தைராய்டும் பார்க்க வேண்டும், மாதவிலக்கு முன்கூட்டியே நிற்கும் காலமா என்றும் பார்க்க வேண்டும். கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். ஐந்து மாதம் தள்ளிப்போன எந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் முதலில் செய்வோம். இதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சந்தேகமாகத்தான் தெரியும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். அக்காவோடு ஒருவர் போனால் போதும், பரிசோதனை அறைக்குள் யாரும் போக வேண்டாம். "உங்களைத் தொட்டுப் பார்க்கலாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுப் பரிசோதிக்கும் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே துணியை அவிழ்த்துச் சோதனை போட்டிருந்தால், மருத்துவப் பரிசோதனையும் அதே மாதிரிதான் உடம்புக்குத் தெரியும். அன்றைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம்.

அம்மா கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அங்கே என்ன நடந்தது என்று அம்மா கேட்பதன் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது, அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அது நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். சொல்வதா வேண்டாமா, சொன்னால் யாரிடம், எப்போது என்பது அவர் முடிவு. அம்மாவிடம் என் பேரைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஒரே ஒரு தடவை, தனியாக இருக்கும்போது, "என்ன நடந்திருந்தாலும் நீ என் அக்கா, நீ சொல்லணும்னு எனக்கு அவசியம் இல்ல, சொல்லணும்னு தோணினா நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் பரிசோதனைகள் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்வார்கள், முடிவை அவரிடம் மட்டும்தான் சொல்வார்கள். அவர் சம்மதித்தால் செய்துகொள்ளட்டும், முடிவு என்ன என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

தூக்க மாத்திரையை மெடிக்கலில் வாங்கிக் கொடுத்தது சரியில்லை. அந்த வகை மாத்திரைகள் பழக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், அதிர்ச்சியிலிருந்து மீள்வதையும் தாமதப்படுத்தும். ஆனால் தினமும் கொடுத்திருந்தால் டக்கென்று நிறுத்தவும் கூடாது, அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார். தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்குவார்கள். அது பழக்கமாகாது, ஆனால் வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், முதல் வாரத்திலேயே ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கூடவே, நடந்ததைப் பாதுகாப்பாகப் பேசிப் பழகும் சிகிச்சை இருக்கிறது. மருந்தைவிட அதன் பலன் நீண்ட நாள் நிற்கும்.

கீழ்ப்பாக்கம் என்றதும் உங்கள் வீட்டில் எல்லோரும் நடுங்குவது எனக்குத் தெரியும். 1794-லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி, அதன் பேரை நம் ஊரில் வசவாகவே ஆக்கிவிட்டோம். அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் அக்காவுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநல வெளிநோயாளிப் பிரிவு இருக்கிறது, காலையில் போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். ஒரு விஷயம், ஸ்டான்லி இருப்பது பழைய ஜெயில் ரோட்டில். ஷேர் ஆட்டோக்காரர் அந்தப் பேரைச் சொல்லிக் கூவினால் அக்கா மிரளக்கூடும், எங்கே போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், எப்போது திரும்புவோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உள்ளே அடைக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி சிகிச்சையில் அவர் சம்மதம்தான் முதல், விவரங்கள் ரகசியம். நேரில் போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை.

தர்காவுக்குப் போக வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டால் கூட்டிப் போங்கள். அவரை உட்கார வைத்து மந்திரிக்க நீங்கள் முடிவு செய்து கூட்டிப் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சாப்பாட்டை முழுக்க நிறுத்துவது, பிள்ளைகளை உங்களிடம் ஒப்படைப்பது மாதிரிப் பேசுவது, "நான் இல்லாட்டி நல்லாயிருப்பீங்க" என்பது, தன் சாமான்களைக் கொடுத்துவிடுவது, இப்படி ஏதாவது தெரிந்தால் நேரடியாகவே கேளுங்கள், "செத்துடலாம்னு தோணுதாக்கா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அந்த ஒரு நிலைமையில் மட்டும் நான் சொன்ன சாவி, தனிமை எல்லாம் கொஞ்ச நாள் பின்னால் போகட்டும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அக்கா ராத்திரி தூங்காமல் அதையும்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். எட்டு மாதச் சம்பளம். ஊர் திரும்பிய பிறகு அதை வாங்குவது கஷ்டம், பொய் நம்பிக்கை தர மாட்டேன். இருந்தாலும் வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிலும் மனு கொடுக்கலாம். இகாமா நகல், சம்பளம் அனுப்பிய ரசீது, அவுட்பாஸின் போட்டோ, பழைய வாட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். அவரை அனுப்பிய ஏஜெண்ட் எப்படி அனுப்பினார் என்றும் பாருங்கள். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இ.சி.ஆர். முத்திரை இருக்கும், வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டும் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பெண்களை வீட்டு வேலைக்கு 2016-லிருந்து அரசு நிறுவனங்கள் வழியாக மட்டும்தான் அனுப்ப வேண்டும், இங்கே கிண்டியில் இருக்கும் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் மாதிரி. 30 வயதுக்குக் கீழே அனுமதியே இல்லை. சுற்றுலா விசாவில் துபாய்க்கு ஏற்றி அங்கிருந்து மாற்றிவிடும் ஏஜெண்டுகள்தான் அதிகம். அப்படி நடந்திருந்தால் அதுவும் புகார்தான். ஆனால் புகார் கொடுப்பது, மனுவில் கையெழுத்துப் போடுவது, எந்த ஆபீஸ் படி ஏறுவது எல்லாம் அக்கா தயாரானதும். அவருக்குப் பதிலாக நீங்கள் கிளம்பிவிடாதீர்கள்.

வரன் விஷயத்தில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. பெண்ணின் அம்மா சம்பளம் கேட்டதற்காக அடைக்கப்பட்டவள் என்று தெரிந்து பின்வாங்குகிற வீடு, நாளைக்கு அந்தப் பெண்ணை எப்படி வைத்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அக்காவின் காதுபட "இவளாலதான் தள்ளிப்போகுது" என்று வீட்டில் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அப்புறம் அந்த இலங்கைப் பெண். போனை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். கழிப்பறையில் உங்கள் அக்காவுக்குத் துப்பட்டா பிடித்தது அவராகத்தான் இருக்கும். அங்கே நடந்ததை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஆள் உங்கள் வீட்டில் இல்லை, எங்கள் ஓ.பி.யிலும் இல்லை. இரண்டு பேரும் அழுதால் அழட்டும். மாதாமாதம் ரீசார்ஜ் செய்துவிடுங்கள்.